ஏழு சீவல்கள்

போன மாதம் டாக்டர் நிவேதா போன் செய்தார். இப்போது அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறைத் தலைவர். நான் வேலையில் இருந்தபோது எங்கள் துறைக்கு மேற்படிப்புக்கு வந்தவர்.

"மல்லிகாக்கா, லேபை ஆய்வு பண்ண வந்தவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. ஒவ்வொரு டப்பா மேலயும் உறுப்பை வெட்டி எடுத்த நேரம், ஃபார்மலின்ல போட்ட நேரம், திறந்து வச்ச நேரம்னு மூணு நேரம் எழுதறீங்களே, இது யார் கத்துக் கொடுத்ததுன்னு. உங்க பேரைச் சொன்னேன். நீங்க இதை எழுதி வைக்கணும்."

"என் பேரை எந்த அர்த்தத்துலம்மா சொன்னீங்க?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று நேரங்களும் என் கெட்டிக்காரத்தனத்தால் வந்தவை அல்ல. நான் செய்த ஒரு தவறால் வந்தவை.

என் தொடக்க வருடங்களைச் சொல்ல நாலு வரி போதும். ஒரகடம் பக்கத்துக் குடியானவர் குடும்பம். பள்ளிப் படிப்பு, பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு, காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தைந்து வருடம். 2006இல் தண்டலம் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் திசுப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். வேலை இதுதான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டுக் கெடாமல் நிறுத்த வேண்டும். அதை மெழுகில் புதைத்து பிளாக் ஆக்க வேண்டும். பிளாக்கை மைக்ரோடோம் என்னும் கைச்சக்கர இயந்திரத்தில் பூட்டி, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட வேண்டும். அதற்குமேல் டாக்டரின் கண்.

எங்கள் டாக்டர் அருளப்பன். ஒல்லியானவர், உயரமானவர். நோயாளியின் விவரம் எழுதிய படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஸ்லைடைப் பார்ப்பார். பார்த்து முடித்து, மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் படிவத்தைத் திருப்புவார். 'அநேகமாக' என்ற சொல் அவருக்கு ஆகாது. "பெயின்ட் அநேகமா காஞ்சிருக்கும்னு சொல்லலாம். புற்றுநோய் அநேகமா இருக்கும்னு சொல்லக் கூடாதும்மா" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். தவறு செய்தவருக்குத் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத் துறையே பயப்படும்.

2012 கடைசியில் எண்டோஸ்கோப்பி அறையிலிருந்து ஒரு சின்னக் குப்பி வந்தது. உள்ளே இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த ஆறு துணுக்குகள், ஒவ்வொன்றும் அரை அரிசி அளவு. ஸ்லைடைப் பார்த்துவிட்டு டாக்டர் படிவத்தைத் திருப்பினார். இசக்கிமுத்து, வயது இருபத்தொன்பது, இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வயதின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

வயிற்றுப் புற்றுநோயில் ஒரு வகை கட்டியாகத் திரளாது. செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று சுவருக்குள் பரவும். செல்களை ஒன்றோடு ஒன்று கோத்துப் பிடிக்கும் ஒரு புரதம் நம் எல்லோருக்கும் உண்டு. அதற்கான சாயம் போட்டுப் பார்த்தோம். நல்ல செல்களைச் சுற்றிப் பழுப்பு வேலி தெளிவாக நின்றது. இசக்கியின் புற்றுச் செல்களைச் சுற்றி வேலியே இல்லை. பக்கத்திலேயே வயிற்றைப் புண்ணாக்கும் கிருமியும் நிறையத் தென்பட்டது.

அடுத்த வாரம் எங்கள் கவுன்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

"அக்கா, எங்கண்ணன் பேரு இசக்கிமுத்து. அவனுக்கு என்ன வந்திருக்குன்னு இங்கதான் பாக்காங்களாம்லா? நான் அவன் தங்கச்சி, பேச்சியம்மாள். ஊரு சங்கரன்கோயில் பக்கம்."

ரிசல்ட்டை நாங்கள் சொல்லக் கூடாது. டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

"கேட்டுட்டேன். எங்கம்மையும் வயித்து நோவுலதான் செத்தா. முப்பத்தெட்டு வயசு. ஆஸ்பத்திரிக்கே போகல. எனக்கும் வருமாக்கா?"

அவளுக்கு இருபத்து நான்கு வயது. செல்போன் பாகங்கள் பொருத்தும் லைனில் நின்றுகொண்டே வேலை. அப்பா எப்போதோ போய்விட்டார். அண்ணன்தான் முதலில் இங்கே வந்து, பிறகு அவளை வரவழைத்து ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறான். மறுபடியும் டாக்டர் அறையைத்தான் கை காட்டினேன்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் இசக்கிக்கு ரத்த வாந்தி. அவசரமாக அறுவை செய்து இரைப்பையை முழுவதுமாக எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பக்கெட் எங்கள் லேபுக்கு வந்தது. வாங்கி வைத்தது உதவியாளர் ஏகாம்பரம், வல்லம் வடகால்காரர்.

"இன்னாக்கா, லீவு வுடற நேரத்துல இம்மாம் பெரிய பக்கெட்டு வந்துகீது!"

மூடியைத் திறந்து பார்த்தேன். இரு முனையும் கட்டியபடி, திறக்கப்படாத முழு இரைப்பை சின்னப் பக்கெட்டில் இறுகிக் கிடந்தது. அதை நீளவாக்கில் திறந்து, பலகையில் குண்டூசியால் விரித்துக் குத்தி, நிறைய ஃபார்மலினில் மூழ்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உள்சுவருக்குப் போய்ச் சேராது. உள்ளே தானாகவே அழுக ஆரம்பித்துவிடும். திறப்பது டாக்டர் வேலை. டாக்டர் நிவேதா அப்போதுதான் சாப்பிட மெஸ்ஸுக்குப் போயிருந்தார். ஒரு போன் செய்திருந்தால் வந்திருப்பார். வந்து, திறந்து, விரித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். எனக்குப் பன்னிரண்டரைக்குப் பஸ். வெள்ளையடிக்க வெளியே எடுத்த வீட்டுச் சாமான்கள் வாசலில் கிடந்தன. பக்கெட்டின் விளிம்புவரை ஃபார்மலினை ஊற்றினேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அதைத் திறந்தபோது வந்த நாற்றத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்சுவர் கொழகொழவென்று கரைந்திருந்தது. ஆனாலும் புற்றுநோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்ல முடிந்தது, ரிப்போர்ட்டும் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அறுவை டாக்டர் பேச்சியம்மாளை அழைத்துப் பேசிய பிறகுதான் வினை ஆரம்பித்தது. அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீன் சில குடும்பங்களில் பிறவியிலேயே பழுதாக வரும். அப்படிப்பட்ட குடும்பத்தில், நோய் வருவதற்கு முன்பே இரைப்பையை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. அவள் குடும்பம் அப்படியா என்று பார்க்க வேண்டும் என்றார் அவர்.

அன்று அவள் நேராக என்னிடம் வந்தாள். "வயித்த எடுத்துட்டா ரெண்டு மணிக்கொருக்கா கொஞ்சங் கொஞ்சமா திங்கணுமாம்க்கா. லைன்ல சாப்பாட்டுக்கு ஒரு பிரேக்கு, டீக்கு ஒரு பிரேக்கு. நடுவுல எவன் விடுவான்? வேல போச்சுன்னா அண்ணன யாரு பாப்பாங்க?"

இசக்கியின் ரத்தத்தை எடுத்துச் சோதித்திருந்தால் நேரடியாகத் தெரிந்திருக்கும். நோய் வந்தவரிடம் பழுதைக் கண்டுபிடித்தால்தான் மற்றவரிடம் அதைத் தேட முடியும். இசக்கி மறுத்துவிட்டான். "வயித்தையே குடுத்தாச்சு. பாக்குறத அதுல பாருங்க. இனி ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டேன்" என்றான். எனவே டாக்டர் அருளப்பன் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பேசி, திசுவை அனுப்ப ஏற்பாடு செய்தார். அங்கே ஜீனின் எழுத்துகளைப் பார்க்காமல், அதன் மேல் விழும் ஒரு குறியைப் பார்ப்பார்கள். எழுத்து சரியாகவே இருக்கும். ஆனால் அதன் தொடக்கத்தில் ஒரு ரசாயனக் குறி வந்து ஒட்டிக்கொண்டால் செல் அந்த ஜீனைப் படிக்காது. வயிறு வருடக்கணக்கில் புண்ணாகக் கிடந்தால் இப்படிப்பட்ட குறிகள் சேரும். "பாதி விடைதான் கிடைக்கும். பரவாயில்லை, அதையாவது தெரிஞ்சுக்குவோம்" என்றார் டாக்டர்.

பத்து நாளில் பதில் வந்தது. டி.என்.ஏ. துண்டு துண்டாக நொறுங்கியிருக்கிறது, பயன்படாது.

டாக்டர் என்னை அறைக்கு அழைத்தார். பதிவேடு மேசைமேல் திறந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"சனிக்கிழமை பன்னிரண்டேகால். இது உங்க கையெழுத்து."

"ஆமா சார்."

"பக்கெட்டைத் திறந்து பார்த்தீங்களா?"

மூடியபடியே வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ஏகாம்பரத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவும் மாட்டார். ஓய்வுக்கு இரண்டரை வருடம்தான் பாக்கி. பேச்சியம்மாள் அந்த நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருந்ததுதான் என்னைப் பேச வைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

"பார்த்தேன் சார். ரெண்டு முனையும் கட்டியிருந்துச்சு. திறக்கணும்னு தெரியும். டாக்டர் நிவேதாவுக்குப் போன் பண்ணல."

"ஏன்?"

"பஸ் போயிடும்னு."

டாக்டர் பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க" என்றார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'விடுமுறை நாளில் வரும் உறுப்பை யார், எத்தனை மணிக்குள் திறக்க வேண்டும் என்று எழுதி வைக்காதது துறைத் தலைவரான என் தவறு.' கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு அனுப்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கும் வந்தது. ஒவ்வொரு டப்பா மேலும் மூன்று நேரங்களை எழுதும் வழக்கம் அந்த வாரம்தான் தொடங்கியது.

அதன் பிறகு டாக்டர் கேட்டார். "எண்டோஸ்கோப்பி பிளாக்ல ஏதாவது மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஏற்கனவே பலமுறை சீவிய பிளாக். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெழுகுக்குள் ஆறு துணுக்குகளில் இரண்டின் நிழல் மட்டும் மெல்லிசாகத் தெரிந்தது. அந்தச் சதை எடுத்த நிமிடத்திலேயே ஃபார்மலினில் விழுந்தது, கெட்டிருக்காது. ஆனால் ஒருமுறை கழற்றிய பிளாக்கை மறுபடி பூட்டும்போது கோணம் மயிரிழை மாறினாலும், கத்தியை நேராக்கச் சீவுகிற சீவலிலேயே எல்லாம் போய்விடும். பிறகு உலகத்தில் எங்குமே அந்தத் திசு கிடையாது. குறைந்தது ஆறு சீவல் வேண்டும் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள்.

"சார், நீங்க வேற யாரையாவது..."

"வேற யாரு? நீங்கதான் சீவணும்" என்றார்.

காலை பத்து மணி. கத்தியைப் புதிதாக மாற்றி, வேறு நோயாளியின் துகள் எதுவும் இருக்கக் கூடாதென்று ஆல்கஹாலால் துடைத்தேன். பிளாக்கை ஐஸில் வைத்தேன். டாக்டர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். காற்று பட்டால் சீவல் பறந்துவிடும். நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றார். பிளாக்கைப் பூட்டி, திருகை ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருப்பினேன். பிளாக்கின் முகத்துக்கும் கத்திக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனமாக இருக்க வேண்டும். அதற்கே இருபது நிமிடம். கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

சக்கரத்தைச் சுற்றினேன். முதல் சீவல் முழுதாக வந்தது. அதை ஸ்லைடுக்கு எடுத்தேன். புற்றுச் செல் இன்னும் அங்கே இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து, "இருக்கு. சீவுங்க" என்றார்.

அடுத்தடுத்த சீவல்கள் சுருண்டு சுருண்டு வந்தன. ஊசி முனையால் எடுத்துச் சின்னக் குழாயில் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது குழாய்க்குள் போகாமல் துள்ளிக் கத்தியின் காப்புத் தகட்டில் ஒட்டிக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். ஐந்து. ஆறு. ஏழாவதில் பாதிதான் சதை, மீதி வெறும் மெழுகு. எட்டாவதாகச் சுற்றினேன், மெழுகு மட்டுமே வந்தது. சக்கரத்தைப் பூட்டிவிட்டு எழுந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏகாம்பரம் தண்ணீர் கொண்டுவந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குறி இருக்கிறது. புற்றுச் செல்களில் அந்த ஜீன் குறியால் மூடப்பட்டிருக்கிறது.

டாக்டர் நிவேதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாழ்வாரத்தில் பேச்சியம்மாளைப் பார்த்ததும் கையைப் பிடித்து, "இது பிறவிப் பழுது இல்லை, பிறகு வந்து ஒட்டினது. உனக்கு வராது!" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். ஹாஸ்டல் தோழிகளுக்கெல்லாம் போன் செய்தாள்.

மதியம் விஷயம் டாக்டர் அருளப்பனுக்குத் தெரிந்தது. டாக்டர் நிவேதாவுக்கு நாற்காலி இழுத்துப் போடப்பட்டது. நான் வெளியே நின்றேன். குரல் கேட்கவே இல்லை, அவ்வளவு தாழ்ந்திருந்தது. பிறகு எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். ஏழு வருடத்தில் அவர் வார்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

மருந்து ஏற்ற மறுபடி சேர்த்திருந்த இசக்கி கட்டிலில் சாய்ந்திருந்தான். பேச்சியம்மாள் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில உங்ககிட்ட சொன்னது தப்பு. நாங்க அவசரப்பட்டுட்டோம். மன்னிச்சுக்கணும்" என்றார் டாக்டர்.

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "அப்ப எனக்கு வருமா?"

"அதுவும் தெரியலை. ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது. ரெண்டும் வேலை செய்யாம நின்னாத்தான் இந்த நோய் ஆரம்பிக்கும். ரெண்டுமே குறியால நின்னிருக்கலாம். இல்லைன்னா ஒண்ணு பிறவியிலேயே பழுதாயிருந்து, நல்லாயிருந்த இன்னொண்ணைக் குறி மூடியிருக்கலாம். குறியை மட்டும் பார்த்து எதுன்னு சொல்ல முடியாது."

அவள் யோசித்தாள். "எங்க லைன்ல மெஷின் சுவிட்சுல சிவப்பு அட்ட தொங்க விடுவாங்க சார். மெஷின் நல்லாத்தான் இருக்கும். அட்டைய எடுக்குற வரைக்கும் ஒருத்தரும் போடமாட்டாங்க. ரெண்டு மெஷின்ல ஒண்ணுல அட்ட தொங்குது, மத்ததுலயும் அட்டதானா, இல்ல அது உடைஞ்சே கெடக்கான்னு தெரியல. அப்படித்தானே?"

டாக்டர் அவளையே பார்த்தார். "அப்படியேதான்" என்றார். பிறகு பக்கெட் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். நல்ல திசு இருந்திருந்தால் இரண்டு ஜீன்களையும் தனித்தனியாகப் பார்க்க முயன்றிருக்கலாம் என்றும், அது எங்கள் துறையில் கெட்டுப்போனது என்றும். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அவர்மேல் போட்டதாகிவிடும். "நான்தாம்மா" என்றேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எச்சரிக்கைக் கடிதத்தைவிட வலித்தது.

"உடைஞ்சிருக்கான்னு பாக்க அண்ணன் ரத்தம் வேணும், அவ்வளவுதானே?" என்றாள்.

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு வந்ததோட போட்டும். இருக்குன்னு சொல்லிட்டா நீ ராத்திரி தூங்குவியா? எவன் உன்னக் கெட்டுவான்?"

"தெரியாம மட்டும் தூங்குதேனாக்கும்? ஹாஸ்டல்ல வந்து கேட்டுப் பாரு. வயிறு லேசா இழுத்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன்ண்ணே."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அவள் மடியில் வைத்தான். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. ரத்தம் எடுக்கும் நர்ஸ் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார். அவன் முனகக்கூட இல்லை.

பதில் வர ஆறு வாரம் ஆனது. அவள் ஷிப்ட் தவறவில்லை. பழுது இருந்தால் அவளுக்குச் செய்ய வேண்டிய அறுவைக்கு ஒரு நாளும் குறித்தாகிவிட்டது. கேன்டீனில் எல்லோரும் சாப்பிடும்போது கடிகாரம் பார்த்து, கால் தட்டுச் சோறு மட்டும் தின்று பழகிப் பார்ப்பதாகச் சொன்னாள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

பதில் வந்த அன்று டாக்டர் அருளப்பன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் வாசலில் நின்றேன்.

"தேடின இடத்துல பழுது இல்லை."

"அப்ப..."

"இந்த முறையில எல்லாப் பழுதையும் பிடிக்க முடியாது. உங்க அம்மாவுக்கு என்ன வந்ததுன்னும் தெரியலை. வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இதை வச்சுக்கிட்டு வயித்தை எடுக்கச் சொல்லவும் மாட்டேன். அறுவை டாக்டரும் அதையேதான் சொல்றார். வருஷா வருஷம் எண்டோஸ்கோப்பி பாக்கணும். விடவே கூடாது."

அவளுக்கு எண்டோஸ்கோப்பி செய்தார்கள். அண்ணன் வயிற்றில் இருந்த அதே கிருமி அவள் வயிற்றிலும் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே பானைத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். புண்ணும் இருந்தது, அதற்குமேல் எதுவும் இல்லை. மாத்திரை கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். புண்ணாற்றினால் குறிகளும் ஓரளவு குறையலாம் என்றார் டாக்டர். முழுக்கப் போய்விடும் என்று சொல்லவில்லை.

இசக்கி அடுத்த வருடம் ஆடியில் இறந்தான். நோய் குடலைச் சுற்றியுள்ள சவ்வெங்கும் பரவிவிட்டது. உடலை ஊருக்கு எடுத்துச்செல்ல அவன் ஷிப்டில் வேலை செய்த பையன்கள் இருபது பேர் வந்து நின்றார்கள். வண்டி கிளம்பும்போது பேச்சியம்மாள் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். பக்கெட்டுக்காக என்னை மன்னித்தாளா என்று அப்போதும் தெரியவில்லை. பிறகும் நான் கேட்டதில்லை.

2015இல், நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்பு அவளுடைய வருடாந்தரத் துணுக்குகள் வந்தன. எட்டுத் துணுக்கு. நானே மெழுகில் புதைத்தேன், நானே சீவினேன், நானே சாயமும் போட்டேன். டாக்டர் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எட்டையும் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அவளை உள்ளே அழைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நோயாளி யாருக்கும் அவர் அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது என் வயிறா சார்?"

"உங்க வயிறுதான்."

"செவப்பும் ஊதாவுமா நல்லாத்தான் இருக்கு. அண்ணனுக்கு இருந்தது மாதிரி இதுல ஏதும் இருக்கா?"

"இல்லை."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அவள் நிமிர்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். செகண்ட் ஷிப்ட் கம்பெனி பஸ் கூட்ரோடு முனைக்கு ஒன்றேகாலுக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.